ரிவால்வரின் சட்டகமும் தோட்டாவின் அளவும்

மேலூர்ப் பக்கம் தோட்டமும் கிணறுமாக வாழும் என் அக்காள் மகனுக்கு, அவன் தாத்தாவிடமிருந்து ஒரு .32 ரிவால்வர், முறையான உரிம மாற்றத்தோடு, சில ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், முடிவு வந்தபின் திரும்பப் பெறுவதுமே அந்தத் துப்பாக்கியோடு அவனுக்குள்ள பெரும்பாலான உறவு. ஒருநாள் அவன் என்னிடம் கேட்டான்: “மாமா, புல்லட் வண்டிக்கு ரீபோர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். அதேபோல இந்த உருளையின் துளைகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி .38 தோட்டா போட்டால் என்ன? புதூர்த் தொழிற்பேட்டையில் எந்த லேத்தில் கொடுத்தாலும் அரை நாள் வேலைதானே?”

கடைசல் இயந்திரத்தின் முன் மாணவர்களை நிறுத்திப் பல ஆண்டுகள் பாடம் சொன்னவன் என்பதால் அவன் என்னிடம் கேட்டான். கூடாது என்ற ஒரு சொல்லில் பதிலை முடித்திருக்கலாம். ஆனால் ‘அரை நாள் வேலை’ என்ற கணிப்பு தவறில்லை என்பதுதான் இதிலுள்ள சங்கடம். துளையை அகலப்படுத்துவது எளிது. அகலப்படுத்தியபின் அந்தத் துப்பாக்கி என்னவாகிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். ரிவால்வரின் எலும்புக்கூடு போன்ற பாகத்தை ஆங்கிலத்தில் ஃபிரேம் என்கிறார்கள். படத்துக்குப் போடும் சட்டம் போலவே இதுவும் ஒரு சதுர வளையம். அந்த வளையத்தின் நடுவே தோட்டாக்களைத் தாங்கும் உருளை சுழல்கிறது. தமிழில் இதையும் சட்டம் என்றே சொல்லலாம். ஆனால் அரசின் சட்டமும் இந்தக் கதையில் பிறகு வரவிருப்பதால், குழப்பம் வேண்டாமென்று இதைச் சட்டகம் என்று அழைக்கிறேன். சட்டகத்தின் முன்பக்கத்தில் குழல் பொருத்தப்பட்டிருக்கும். பின்பக்கச் சுவர் தோட்டாவின் அடிப்பாகத்தைத் தாங்கிக்கொள்ளும். உருளைக்கு மேலே ஓடும் மேற்பட்டையும் கீழேயுள்ள அடிப்பட்டையும் முன்னையும் பின்னையும் இணைத்துப் பிடிக்கும். விசையை இழுக்கும்போது ஒரு சிறு நெம்புகோல் உருளையை ஒரு பங்கு சுழற்ற, அதிலுள்ள தோட்டாத் துளைகளில் ஒன்று, அதாவது ஓர் அறை, குழலுக்கு நேராக வந்து நிற்க, கீழிருந்து ஒரு தடுப்பு எழுந்து உருளையின் வெளிப்பரப்பிலுள்ள பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டுகிறது. அதன் பிறகே சுத்தி விழுகிறது. அறையில் இருந்து புறப்படும் குண்டு, உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் இடைவெளியைத் தாண்டி, குழலின் பின்வாயிலுள்ள கூம்புக்குள் நுழைகிறது.

தோட்டா என்பது குண்டு மட்டும் அன்று. பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் என்னும் தீமூட்டி, உள்ளே மருந்து, வாயில் செருகப்பட்ட ஈயக்குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. ரிவால்வர்த் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. அறைக்குள் முழுவதும் விழுந்துவிடாமல் அந்த விளிம்புதான் தாங்கி நிறுத்துகிறது.

.32 என்பது துளையின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் எண். மதுரை வட்டாரத்தில் ‘போர்’ என்றால் ஆறரை அங்குல ஆழ்துளைக் கிணறுதான் முதலில் நினைவுக்கு வரும். இந்தப் போர் அதில் இருபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். ஆனால் இந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. .38 என்று பெயர் பெற்ற தோட்டாக்களின் குண்டு உண்மையில் 0.36 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. .38 என்ற ஒரே பெயருக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத தோட்டாக்கள் உண்டு. நம் நாட்டில் அடிக்கடி நேரும் குழப்பம் .32-இல் இருக்கிறது: ரிவால்வருக்கான .32 லாங் வேறு, பிஸ்டலுக்கான .32 ஏசிபி வேறு. முன்னதற்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. பின்னதற்கு 20,500 பவுண்டு. பிஸ்டல் தோட்டா உருவில் குட்டையாக இருப்பதால் பல ரிவால்வர்களின் அறைக்குள் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். போய்விடுகிறது என்பதற்காக அது அந்தத் துப்பாக்கிக்கு உரியதாகிவிடாது.

15,000 பவுண்டு அழுத்தம் என்பதை மனத்தில் பிடிப்பது கடினம். வீட்டுக் குக்கர் விசிலடிக்கும் தறுவாயில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 15 பவுண்டு. அதற்கே ரப்பர் வளையம், எடை, பாதுகாப்பு வால்வு என்று மூன்று காவல் வைத்திருக்கிறோம். .32 லாங் தோட்டாவின் உச்சம் அதைப்போல ஆயிரம் மடங்கு. ரிவால்வர்களில் சாதுவானது என்று பெயர் வாங்கிய தோட்டாவுக்கே இந்த அளவு என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ரீபோர் உவமைக்கு வருவோம், ஏனென்றால் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது. வண்டி என்ஜினின் உருளையைத் தயாரிப்பவர்கள், தேய்ந்தால் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ கடைந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே சுவரில் மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதற்கேற்ற பெரிய பிஸ்டனையும் அவர்களே விற்கிறார்கள். மேலும், சாதாரணப் பெட்ரோல் என்ஜினுக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் ஆயிரம் பவுண்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். ரிவால்வர் உருளையில் அப்படி மிச்சம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. உருளையின் மைய அச்சு சட்டகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. குழலின் மையமும் சுத்தி அடிக்கும் இடமும் சட்டகத்தில் இன்னோரிடத்தில் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஒவ்வோர் அறையின் மையமும் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தை ஒரு மயிரிழையும் நகர்த்த முடியாது. ஆகவே துளை பெரிதாகும்போது, அது வெளிச்சுவரையும் பக்கத்து அறைகளோடு பகிர்ந்துகொள்ளும் இடைச்சுவரையும் ஒரே நேரத்தில் தின்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியின் அளவும் அன்று இது, விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டது. அறையின் விட்டம் 8.6 மில்லிமீட்டர், வெளிச்சுவர் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்காகத் துளையை 9.6 மில்லிமீட்டர் ஆக்கினால் வெளிச்சுவர் 2 மில்லிமீட்டராகக் குறையும். குழாயின் சுவரைக் கிழிக்கப் பார்க்கும் இழுவிசை, அழுத்தத்தையும் விட்டத்தையும் பெருக்கிச் சுவர்த் தடிப்பின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். நீர்க்குழாய் வாங்குபவர்களும் பயன்படுத்தும் பழைய சூத்திரம் அது. அழுத்தம் மாறாமல் இருந்தால்கூட, இந்த உதாரணத்தில் சுவர் தாங்க வேண்டிய சுமை 40 விழுக்காடு ஏறிவிடுகிறது. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பவுண்டு என்பதையும் சேர்த்தால் ஏற்றம் 58 விழுக்காடு வரை போகிறது. அரை மில்லிமீட்டர் உலோகம் போனதற்குக் கிடைத்த விலை இது. போதாக்குறைக்கு, ஆறு அறை உருளைகளில் பூட்டுத் தடுப்பு விழும் பள்ளம் பெரும்பாலும் ஒவ்வோர் அறையின் நேர் மேலே, அதாவது சுவர் மிக மெல்லியதாக இருக்கும் இடத்திலேயே வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தின் அடியில் எஞ்சியிருக்கும் தகடுதான் உண்மையான சுவர். மேலே சொன்ன 2 மில்லிமீட்டரில் அது ஒரு பகுதி மட்டுமே.

இதே சிக்கலை முறைப்படி தீர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தாரிடம் .32 தோட்டாவுக்கென ‘ஐ’ என்ற சிறிய சட்டகம் இருந்தது. .38 ஸ்பெஷலைச் சிறிய ரிவால்வரில் கொடுக்க வேண்டும் என்று விரும்பியபோது, அந்தச் சட்டகத்தின் உருளை அந்தத் தோட்டாவின் நீளத்துக்கே போதவில்லை. அவர்கள் துளையைக் கடைந்து ஒப்பேற்றவில்லை. சட்டகத்தையே நீட்டி வரைந்து, 1950-இல் ‘ஜே’ சட்டகம் என்று வெளியிட்டார்கள். அதே ஜே சட்டகத்தில் .32 தோட்டா என்றால் உருளையில் ஆறு அறைகள், .38 என்றால் ஐந்து. ஓர் அறையைத் துறந்துதான் சுவருக்கு வேண்டிய தடிப்பைப் பெற்றார்கள். ஐந்து அறை என்றால் ஒவ்வொரு முறையும் உருளை 60 பாகைக்குப் பதிலாக 72 பாகை சுழல வேண்டும். சுழற்றும் பற்கள், பூட்டுப் பள்ளங்கள் எல்லாம் புதிய கணக்கு. ஐந்து அறையில் பள்ளங்கள் அறைகளுக்கு நடுவே தடித்த உலோகத்தில் விழும் என்பது கூடுதல் ஆதாயம். இவ்வளவையும் துளையை அகலப்படுத்தும் ஒரு ரீமரைக் கொண்டு அரை நாளில் செய்துவிட முடியாது.

விட்டத்தை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் வழுக்கலான பாதை ஒன்று தெரியும். .32 லாங் தோட்டா 1896-இல் வந்தது. கூட்டின் நீளம் 23.4 மில்லிமீட்டர். 1984-இல் அதே விட்டமும் அதே விளிம்பும் கொண்டு, கூட்டை மட்டும் 27.3 மில்லிமீட்டராக நீட்டி .32 எச் அண்ட் ஆர் மேக்னம் வந்தது. பிறகு 30.5 மில்லிமீட்டர் கூட்டோடு .327 ஃபெடரல் மேக்னம் வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பிகள் போலத்தான் தெரியும். ஆனால் மூத்ததன் உச்ச அழுத்தம் 15,000 பவுண்டு, கடைசியில் பிறந்ததன் உச்சம் 45,000 பவுண்டு. பழைய .32 உருளையின் அறையை ஏழு மில்லிமீட்டர் ஆழப்படுத்தினால் இந்த இளைய தம்பி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். உருளைக்குத் தெரியாது, சுடுபவன் கைக்குத் தெரியும். அறையின் ஆழம் என்பது இங்கே வெறும் அளவு அன்று, அது ஒரு பூட்டு.

அந்தப் பூட்டு வேண்டுமென்றே போடப்பட்டது என்பதற்கு .357 மேக்னத்தின் கதையே சான்று. 1930-இல், வழக்கமான .38 ஸ்பெஷலின் அளவிலேயே, ஆனால் மிகக் கூடுதலான மருந்து வேகத்தோடு, .38/44 என்ற தோட்டாவைப் பெரிய சட்டகம் கொண்ட ரிவால்வருக்காக வெளியிட்டார்கள். அளவு ஒன்றே என்பதால் அதைச் சிறிய, பழைய .38 ரிவால்வர்களிலும் யாரும் போட்டுவிட முடியும். சில ஆண்டுகளில், 1930-களின் நடுவில், இன்னும் வலுவான .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது அதன் கூட்டை .38 ஸ்பெஷலைவிட 3.4 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். மருந்துக்கு இடம் தேவைப்பட்டதைவிட, சிறிய துப்பாக்கிக்குள் அது நுழையாமல் தடுப்பதே அந்த நீளத்தின் முதன்மை நோக்கம். .38 ரிவால்வரின் அறையை 3.4 மில்லிமீட்டர் ஆழப்படுத்துகிறவர், கட்டியவர்கள் போட்ட அந்தத் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே கழற்றுகிறார். .357-இன் உச்சம் 35,000 பவுண்டு; .38 ஸ்பெஷலின் அழுத்தத்தைப்போல இரு மடங்குக்கும் மேல்.

இதுவரை உருளையைப் பற்றியே பேசினோம். சட்டகத்தின் மீது விழும் சுமை வேறு வகையானது. வாயு குண்டை முன்னே தள்ளும் அதே வேளையில் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைப் பின்சுவர் வாங்கிக்கொண்டு, மேற்பட்டை வழியாகவும் அடிப்பட்டை வழியாகவும் முன்பக்கத்துக்குக் கடத்துகிறது. கூட்டின் வெளி விட்டத்தை வைத்து மேலோட்டமாகக் கணக்கிட்டால் .32 லாங் தரும் பின்தள்ளல் ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம்; .38 ஸ்பெஷலுக்கு 870; .357 மேக்னத்துக்கு 1,790; .327-க்கு 1,820. கூடு அறைச்சுவரைக் கவ்விக்கொள்வதால் சட்டகத்துக்கு வந்து சேர்வது இதைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அதுதான். இந்தச் சுமை ஒரே அடியில் சட்டகத்தை உடைப்பதில்லை. ஒவ்வொரு சுடுகையிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டி, உருளை முன்பின்னாக ஆடும் ஆட்டத்தை மெல்ல மெல்லப் பெருக்கி, குழலுக்கும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அகலமாக்குகிறது. அந்த இடைவெளியில் பீறிடும் சூடான வாயு மேற்பட்டையின் அடியில் வெட்டுக்கோடு போடுகிறது. ‘பத்துத் தோட்டா சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவரின் சாட்சியம் இதனால்தான் செல்லாது.

என் உறவினனின் துப்பாக்கி போன்றவற்றில் இன்னொரு பலவீனமும் உண்டு. கான்பூர்ச் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாராகி நம் நாட்டில் பரவலாகக் கைமாறும் .32 ரிவால்வர், நடுவில் மடங்கித் திறக்கும் வகையைச் சேர்ந்தது. அதாவது, சட்டகம் ஒரே வார்ப்பான மூடிய வளையம் அன்று; முன்புறம் கீழே ஒரு கீல், பின்புறம் மேலே ஒரு கொக்கி, இரண்டும் சேர்ந்துதான் வளையத்தை மூடுகின்றன. பின்தள்ளல் முழுவதும் அந்தக் கொக்கியையும் கீலையும் இழுத்துப் பார்க்கிறது. கதவின் கீல் தளர்ந்தால் கதவு தொங்குவதுபோல, இங்கே கீல் தளர்ந்தால் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்பது தவறும். குண்டு குழலின் வாயில் ஓரமாக மோதி ஈயச் சீவல்களைப் பக்கவாட்டில் உமிழும். இந்த அமைப்பு அதற்குரிய தோட்டாவோடு பல்லாண்டு நன்றாக உழைக்கக்கூடியது. அதன்மேல் கூடுதல் சுமையை ஏற்றுவதற்கு அதில் இடமில்லை.

மூடிய சட்டகம் என்றாலும் எல்லை உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1955-இல் .357 மேக்னத்தைத் தன் நடுத்தர ‘கே’ சட்டகத்தில் பொருத்தி வெளியிட்டது. நல்ல எஃகு, நல்ல வேலைப்பாடு, தயாரித்தவர்களே செய்த மாற்றம். ஆனால் அந்தச் சட்டகத்தில் உருளையைத் தாங்கும் கைக்கு இடம்விட, குழலின் வாய்க்கூம்பின் அடிப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்க வேண்டியிருந்தது. குறைந்த எடையும் மிகுந்த வேகமும் கொண்ட குண்டுகளைத் தொடர்ந்து சுட்டபோது, அந்த மெலிந்த இடத்தில் விரிசல்கள் தோன்றின. அதற்கு விடையாக 1980-களின் தொடக்கத்தில் சற்றுப் பெரிய ‘எல்’ சட்டகம் வந்தது. பொறியாளர்களும் சோதனைக்கூடமும் கைவசம் இருந்தவர்களுக்கே கால் நூற்றாண்டு கழித்து இந்தப் பாடம் கிடைத்தது என்பதை நான் என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு.

தயாரிப்பாளர் அல்லாதவர்கள் செய்த மாற்றங்களின் வரலாறு இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட .38/200 ரிவால்வர்கள் போருக்குப் பின் பெரும் எண்ணிக்கையில் சந்தைக்கு வந்தன. கடைகளில் எளிதாகக் கிடைத்த .38 ஸ்பெஷல் தோட்டா நீளமானது, மெலிந்தது; .38/200 குட்டையானது, சற்றுத் தடித்தது. வணிகர்கள் அறைகளை முன்பக்கம் நீளமாகக் கடைந்து .38 ஸ்பெஷலுக்கு ‘மாற்றி’ விற்றார்கள். நீளம் சரியாயிற்று, ஆனால் அறையின் பின்பாதி பழைய அகலத்திலேயே இருந்தது. அந்த அகலத்தை நிரப்பப் பித்தளைக் கூடு வயிறு உப்பிற்று; சில வேளைகளில் நீளவாக்கில் பிளந்தது. இங்கே குறிப்பிட வேண்டியது என்னவென்றால், சட்டகம் பலமானது, அழுத்த வேறுபாடும் பெரிதன்று. இருந்தும் பொருத்தம் தவறியதாலேயே மாற்றம் கெட்டது. பிரிட்டிஷ் இராணுவத்தின் .455 வெப்லி ரிவால்வர்களுக்கு நேர்ந்தது வேறு வகை. அமெரிக்காவில் அவற்றின் உருளையின் பின்புறத்தைச் சீவி, பிறைவடிவக் கவ்விகளில் .45 ஏசிபி பிஸ்டல் தோட்டாக்களைப் போடும்படி செய்தார்கள். அவை அழகாகப் பொருந்தின. ஆனால் .45 ஏசிபியின் 21,000 பவுண்டு அழுத்தம், அந்தப் பழைய ரிவால்வர் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைவிட மிக அதிகம். ஒன்றில் பொருத்தம் பொய்த்தது, மற்றொன்றில் பலம் பொய்த்தது.

அப்படியானால் ஒரு சட்டகத்தை வேறு தோட்டாவுக்கு மாற்றுவதே தவறா என்றால், இல்லை. சரியாக அமைந்த மாற்றம் ஒன்று என் உறவினன் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கிறது. கான்பூர் .32 ரிவால்வர், வெப்லி நிறுவனத்தின் .38 மார்க் 4 வடிவத்தைத் தழுவியது. மேலே சொன்ன குட்டையான .38/200 தோட்டாவுக்கென உருவான வடிவம் .32-க்கு இறங்கியிருக்கிறது. இங்கே துளை சிறிதாகிறது. எனவே சுவர் தடிக்கிறது. இரு தோட்டாக்களின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றே. கூட்டின் பரப்பு சிறியதாகையால் பின்தள்ளல் குறைகிறது. சட்டகத்துக்கு எல்லா வகையிலும் சுமை இறங்குகிறது. மேலும், பழைய உருளையையும் குழலையும் திருத்தாமல் அவற்றைப் புதிதாகவே அந்த அளவுக்குச் செய்கிறார்கள். பெரிதிலிருந்து சிறிதுக்கு, கூடுதல் பின்தள்ளலிலிருந்து குறைந்த பின்தள்ளலுக்கு, புதிய உறுப்புகளோடு, தொழிற்சாலையில், சோதனைத் தோட்டாவால் சுட்டுப் பார்த்தபின் என்ற ஐந்தும் கூடியிருக்கிற மாற்றம் அது. சோதனைத் தோட்டா என்பது வழக்கமான உச்சத்தைவிட வேண்டுமென்றே ஏறத்தாழ 30 விழுக்காடோ அதற்கு மேலோ கூடுதல் அழுத்தம் தருமாறு செய்யப்பட்டது. துப்பாக்கியைத் தாங்கியில் கட்டி, ஆள் ஒதுங்கி நின்று சுடுவார்கள். அண்மைக்காலத்தில், 2014-இல், கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ என்னும் அரைக் கிலோ எடையுள்ள ரிவால்வரும் .32-இலேயே நின்றது. எடை குறைந்த சட்டகத்துக்கு இணக்கமான தோட்டா அது.

நம் நாட்டில் ஏன் எல்லாரும் .32-ஐச் சுற்றியே நிற்கிறோம் என்று கேட்டால், இரண்டாவது ‘சட்டம்’ உள்ளே வருகிறது. படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் அளவுகள் பொதுமக்கள் கையில் இருந்தால் அரசுத் தோட்டா வெளியே கசியும் என்ற அச்சம் ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவை இந்தியாவில் தடை செய்தபோது, வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் .470 போன்ற புதிய அளவுகளைப் படைத்துத் தடையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். தடைசெய்யப்பட்ட துளை அளவு என்ற அந்தக் கருத்து இன்றும் தொடர்கிறது: .38 ரிவால்வர் அந்த வகையில் சேர்கிறது, .32 சேர்வதில்லை. தடைசெய்யப்பட்ட அளவுக்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். மற்றவற்றுக்கு மாவட்ட நிர்வாகம், மதுரை மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் சுடுகலன்களைத் தயாரிப்பதையும் விற்பதையும் மட்டுமன்றி, மாற்றியமைப்பதையும் பழுதுபார்ப்பதையும் சோதிப்பதையும்கூடத் தடுக்கிறது. ஆயுதத்தை வைத்திருக்க ஒருவருக்கு உரிமம் இருப்பதால் அதை மாற்றியமைக்கும் உரிமை அவருக்கு வந்துவிடுவதில்லை. அது தயாரிப்பாளருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் தனியாகத் தரப்படும் உரிமம். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பின், 5-ஆம் பிரிவை மீறினால் குறைந்தது ஏழாண்டுச் சிறை, கூடினால் ஆயுள். இந்தத் தண்டனை துப்பாக்கியைக் கொடுத்தவரோடு நிற்காது. கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரரையும் பிடிக்கும். தொழிற்பேட்டையில் எந்த வேலையையும் தட்டாமல் வாங்கிக்கொள்ளும் இளைஞர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண்ணோடு துளை அளவும் எழுதப்பட்டிருக்கிறது. அளவு மாறிய கணத்தில் கையில் இருப்பது அந்தப் புத்தகத்தில் இல்லாத வேறொரு துப்பாக்கி.

இவ்வளவையும் கேட்டபின் என் மருமகன், “அப்படியென்றால் தாத்தாவின் துப்பாக்கிக்கு நான் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா மாமா?” என்றான். இருக்கிறது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், கொக்கியும் கீலும் தளர்ந்திருக்கின்றனவா, ஆறு அறைகளும் குழலுக்கு நேராக வந்து பூட்டுகின்றனவா, உருளை முன்பின்னாக எவ்வளவு ஆடுகிறது, பூட்டுப் பள்ளங்களின் ஓரம் நசுங்கியிருக்கிறதா என்ற நான்கையும் பார்க்கச் சொல்லலாம். பழைய தோட்டாக்களை, அவற்றின் அடியில் பொறித்த எழுத்துகளைப் படித்துப் பார்த்து, பிஸ்டலுக்கானவை கலந்திருந்தால் பிரித்து ஒதுக்கலாம். அவன் வீட்டில் தாத்தா வைத்துப்போன தகரப் பெட்டியில் இருந்த பதினெட்டுத் தோட்டாக்களில் நான்கு .32 ஏசிபி. அந்த நான்கையும் தனி உறையில் போட்டு, மறுநாளே உரிமப் புத்தகத்தோடு மேலூருக்கு எடுத்துக்கொண்டு போனான்.